உயரம் ஏற்றிய வண்டிக்கு ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர்: எதை வாங்கலாம், எப்போது வாங்கக் கூடாது

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முன்பக்கம் சாலிட் ஆக்சில் (இரண்டு முன்சக்கரமும் ஒரே விறைப்பான ஆக்சிலில் இருக்கும் வகை), 2 முதல் 4 அங்குல லிஃப்ட், 33 முதல் 35 அங்குல டயர் என்ற வழக்கமான அமைப்புக்கு நல்ல ஒற்றை ஸ்டெபிலைசர் ஒன்றே போதும். அது இரண்டு பக்கமும் ஒரே விசை கொடுக்கும் வகையாக இருந்தால் நிம்மதி. இரட்டை ஸ்டெபிலைசர் கிட் பார்வைக்குக் கம்பீரம், பெரும்பாலான வண்டிகளுக்கு வீண் செலவு. ஸ்டீயரிங் பேயாட்டம் ஆடுகிறது, அதை நிறுத்தத்தான் வாங்கப் போகிறேன் என்கிறீர்களா? அப்படியானால் இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஏன் என்பது கீழே.

ஸ்டெபிலைசர் என்பது படுக்கவைத்த ஷாக் அப்சார்பர். டேம்பர் என்பதும் இதையேதான். ஒரு முனை ஆக்சிலிலோ சேசிஸிலோ இருக்கும், மறுமுனை டை ராடிலோ (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) டிராக் லிங்கிலோ (ஸ்டீயரிங் பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) பிடித்திருக்கும். உள்ளே பிஸ்டன் எண்ணெய்க்குள் நகர்கிறது. அது தரும் தடை வேகத்தைப் பொறுத்தது. தொட்டித் தண்ணீரில் கையை மெல்ல அசைத்தால் ஒன்றும் தெரியாது, வீசி அடித்தால் தண்ணீர் எதிர்க்கும், அதே கதைதான். கல்லில் மோதி டயர் சட்டென்று திரும்பும்போது பிஸ்டன் வேகமாக ஓடும், விசை கிடைக்கும். வண்டி நேர்சாலையில் மெல்ல மெல்ல ஒரு பக்கம் அலைந்து போனால் பிஸ்டன் ஊர்கிறது, விசை ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே "வண்டி அலையுது", "ஒரு பக்கம் இழுக்குது", "திரும்பிய பிறகு ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வரமாட்டேங்குது" என்ற மூன்று புகாருக்கும் எந்தக் கம்பெனியின் ஸ்டெபிலைசரும் மருந்தல்ல. மூன்றாவது புகாரை அது கூட்டவே செய்யும்.

லிஃப்ட் செய்த வண்டிக்கு ஏன் பெரியது தேவைப்படுகிறது என்றால், காரணம் பெரும்பாலும் லிஃப்ட் இல்லை, டயர். 33 அங்குல டயரும் ரிம்மும் சேர்ந்து 30 கிலோ, 37 அங்குலத்தில் 45 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடை ஒன்றரை மடங்கு, விட்டம் 12 சதவீதம் கூடுதல். சுழற்சி மந்தம், அதாவது திருப்புவதை எதிர்க்கும் குணம், எடையோடும் ஆரத்தின் வர்க்கத்தோடும் ஏறுவதால் கிட்டத்தட்ட 1.9 மடங்கு ஆகிவிடுகிறது. இதோடு ஆஃப்செட் குறைந்த ரிம்மோ ஸ்பேசரோ போட்டு டயரை வெளியே தள்ளியிருந்தால், சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின் கோட்டிலிருந்து டயரின் நடுவுக்கு உள்ள தூரமும் கூடும். நெம்புகோல் நீளமாகிறது. அதே கல், அதே வேகம், ஆனால் கட்டைவிரலைத் திருகிவிடும் உதை. கம்பெனி கொடுத்த ஒல்லி டேம்பர் இந்தக் கணக்குக்குச் செய்யப்பட்டதல்ல. அந்த இடத்தில் பெரிய ஸ்டெபிலைசர் நேர்மையாகத் தன் வேலையைச் செய்யும்.

டெத் வாபிள்: ஸ்டெபிலைசர் குற்றவாளியல்ல

60 முதல் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளம் அல்லது பாலத்தின் இணைப்பு; அடுத்த நொடி முன் ஆக்சில் மொத்தமும் இடம் வலம் என்று உலுக்க ஆரம்பித்து, வேகம் வெகுவாகக் குறையும்வரை நிற்காது. இதைத்தான் டெத் வாபிள் என்கிறோம். அப்படி வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, சீராக வேகம் குறைத்து ஓரம் கட்ட வேண்டும்.

பிறகு வண்டிக்குக் கீழே குனிந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது எண்ணெய் கசியும் ஸ்டெபிலைசர். "இதுதான் போயிடுச்சு" என்று புதிது மாட்டுகிறார். ஆட்டம் நின்றும் விடுகிறது. சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து முன்னைவிட மோசமாகத் திரும்பி வருகிறது. நடந்தது தலைகீழ்: ஸ்டெபிலைசர் போனதால் ஆட்டம் வரவில்லை, ஆட்டம் அடித்த அடியில்தான் அதன் சீல் போனது. புதியது வந்ததும் தளர்ந்த பாகத்தின் அசைவை அது விழுங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்த இடைவெளியில் தளர்ந்த போல்ட் தன் துளையை இன்னும் கொஞ்சம் தின்றுவிட்டது.

அதனால் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. வண்டியைத் தூக்கக் கூடாது, நான்கு டயரும் தரையில் எடையோடு நிற்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு எஞ்சினை ஓடவிடுங்கள், பவர் ஸ்டீயரிங் வேலை செய்ய வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைக் கால் சுற்று இடம், கால் சுற்று வலம் என்று விடாமல் ஆட்டட்டும். கீழே இருப்பவர் ஒவ்வொரு இணைப்பின்மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். விரலின் பாதி ஒரு பாகத்திலும் பாதி அடுத்த பாகத்திலும் இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் அசைவுகூட விரலுக்குத் தெரியும். ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டு இதைச் செய்தால் இன்னும் தெளிவு, அது எதையும் மறைக்காது.

முதலில் பார்க்க வேண்டியது பன்ஹார்ட் ராட். டிராக் பார் என்பதும் இதையேதான். தமிழில் சொல்லும்போது டிராக் லிங்கோடு குழம்பிவிடும் என்பதால் இங்கே பன்ஹார்ட் ராட் என்றே எழுதுகிறேன். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பது இது ஒன்றுதான். ஜீப்பின் ஜேகே தலைமுறை ரேங்லரில் இதன் போல்ட் 14 மில்லிமீட்டர், இறுக்க வேண்டியது 125 அடி-பவுண்டு, அதாவது சுமார் 170 நியூட்டன் மீட்டர். லிஃப்ட் மாட்டியவர்கள் வெறும் ஸ்பேனரில் "டைட்டா இருக்கு" என்று விட்டுப்போகும் இடம் இதுவே. தளர்வாக ஓடினால் பிராக்கெட்டின் துளை முட்டை வடிவமாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. துளையைச் சீராக்கி 9/16 அங்குல போல்ட் போடுவதோ, பிராக்கெட்டில் வாஷர் தட்டை வெல்டு செய்வதோதான் வழி.

அடுத்து டை ராட் எண்ட், டிராக் லிங்க் எண்ட், பால் ஜாயின்ட் அல்லது கிங் பின் பேரிங், வீல் பேரிங், கன்ட்ரோல் ஆர்ம் (ஆக்சிலைச் சேசிஸோடு முன்பின்னாகப் பிடிக்கும் கை) புஷ், ஸ்டீயரிங் பாக்ஸை சேசிஸில் பிடிக்கும் போல்ட்டுகள். பால் ஜாயின்ட்டுக்கு மட்டும் சக்கரத்தைத் தூக்க வேண்டும்: டயருக்கடியில் நீள் கம்பியைக் கொடுத்து நெம்புங்கள், மேலும் கீழும் அசைவு தெரிந்தால் போய்விட்டது.

டயரையும் விட்டுவிடக் கூடாது. முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டதும் நடுக்கத்தின் குணம் மாறினால் பேலன்சிங்கில்தான் கோளாறு. பெரிய டயரில் காற்று அதிகம் என்றாலும் உதறும். டயரின் குறுக்கே சாக்பீஸில் கோடு போட்டு நேராக இருபது மீட்டர் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று கூடுதல்.

அலைன்மென்ட்டில் இரண்டு எண்கள் போதும். டோ-இன் (முன் டயர்கள் முன்புறத்தில் உள்நோக்கி இருக்கும் அளவு), பெரிய டயருக்கு ட்ரெட்டில் அளந்தால் 1.5 முதல் 3 மில்லிமீட்டர். காஸ்டர் கோணம் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) தான் லிஃப்ட் செய்ததும் முதலில் பலியாவது. நீளம் மாறாத ஆர்ம்கள் உள்ள வண்டியை ஏற்றினால் ஆக்சில் முன்னோக்கி உருளும், காஸ்டர் குறையும். குறைந்தால் வண்டி அலையும், ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்பாது. 33 முதல் 35 அங்குல டயருக்கு 5 டிகிரிக்கு அருகில் வைத்தால் நன்றாக ஓடும். இதைத் திருத்த கன்ட்ரோல் ஆர்ம் உள்ள வண்டிக்கு நீளம் மாற்றக்கூடிய ஆர்ம், லேண்ட் க்ரூசர் 80, நிசான் பேட்ரோல், ஜிம்னி போன்ற ரேடியஸ் ஆர்ம் வண்டிகளுக்கு மையம் விலகிய காஸ்டர் புஷ், லீஃப் ஸ்ப்ரிங் வண்டிக்கு ஆப்புத் தகடு. ரொம்பவும் ஏற்றிவிடாதீர்கள். காஸ்டர் மிகுந்தாலும் நடுக்கம் வரும், முன் டிரைவ்ஷாஃப்ட்டின் கோணமும் கெடும்.

பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறதா? அது பம்ப் ஸ்டீர். டிராக் லிங்கும் பன்ஹார்ட் ராடும் முன்னால் நின்று பார்த்தால் இணையாகத் தெரிய வேண்டும். லிஃப்ட் கிட்டோடு வந்த இறக்கமான பிட்மேன் ஆர்மை (ஸ்டீயரிங் பாக்ஸையும் டிராக் லிங்கையும் இணைக்கும் கை) மட்டும் மாட்டி, பன்ஹார்ட் ராட் பிராக்கெட்டை மாற்றாமல் விட்டால் இந்தக் கோணம் பிரிந்துவிடும். இதற்கும் ஸ்டெபிலைசருக்கும் சம்பந்தமில்லை.

எல்லாம் இறுக்கமாக இருக்கிற வண்டியை ஸ்டெபிலைசர் இல்லாமலே ஆளில்லாத சாலையில் நிதானமாக ஓட்டிப் பார்க்கலாம். கல்லின் உதை கைக்கு வரும், ஆனால் ஆட்டம் தொடராமல் உடனே அடங்க வேண்டும். அப்படி அடங்கும் வண்டிக்குத்தான் இனி சொல்லப்போகும் தேர்வெல்லாம். விதிவிலக்கு இல்லாமலும் இல்லை: 2018, 2019 ரேங்லர்களிலும் 2020 கிளாடியேட்டரிலும் முன்பக்க நடுக்கப் புகார்கள் வந்தபோது, 2019இல் தயாரிப்பாளரே வேறு வடிவ டேம்பரை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். புது வண்டியில், இணைப்பெல்லாம் சரியாக இருந்தும் நடுக்கம் வந்தால் டேம்பரைச் சந்தேகிக்கலாம் என்பதற்கு அது சான்று.

வாயுவா, எண்ணெயா, ஊடுதண்டா

கடையில் பெயின்ட்டின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது உள்ளே என்ன இருக்கிறது என்பதை.

சாதாரண ட்வின் ட்யூப் வகையில் உள்குழாய், வெளிக்குழாய் என்று இரண்டு. சாதாரண ஷாக்கில் வெளிக்குழாயின் மேல்பகுதியில் காற்று இருக்கும், செங்குத்தாக நிற்கும்வரை அது தொல்லை இல்லை. படுக்கவைத்தால் அந்தக் காற்று வால்வுக்குள் போய் எண்ணெயோடு நுரைக்கும். அதனால் ஸ்டீயரிங்குக்கென்று செய்த டேம்பரில் காற்றை ஒரு பைக்குள்ளோ நுரைப்பஞ்சுக்குள்ளோ அடைத்து வைத்திருப்பார்கள். பழைய ஷாக் ஒன்றைப் படுக்கவைத்து மாட்டும் கைவேலைகள் தோற்பதன் முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம், ஷாக்கில் நீளும்போது தடை அதிகம், அமுங்கும்போது குறைவு. ஸ்டீயரிங்கில் அப்படி மாட்டினால் இடது உதை ஒரு மாதிரியும் வலது உதை வேறு மாதிரியும் வரும்.

மோனோட்யூப் வகையில் ஒரே குழாய், கடைசியில் மிதக்கும் பிஸ்டனுக்குப் பின்னால் அழுத்திய நைட்ரஜன். பில்ஸ்டீன் 5100 இந்த வகை. எண்ணெய் நுரைக்காது, எந்தக் கோணத்திலும் மாட்டலாம், சூட்டையும் நன்றாக வெளியேற்றும். நீண்ட கற்பாதையில் மூன்று மணி நேரம் ஓட்டினாலும் தடை அப்படியே இருக்கும். ஆனால் ஒரு விலை உண்டு. அழுத்திய வாயு தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: தண்டு 5/8 அங்குலம் என்றால் குறுக்குப் பரப்பு சுமார் 198 சதுர மில்லிமீட்டர். உள்ளே 200 பிஎஸ்ஐ இருந்தால் தள்ளும் விசை சுமார் 273 நியூட்டன், அதாவது 28 கிலோ எடை ஓயாமல் டை ராடை ஒரு பக்கம் தள்ளுவதற்குச் சமம். அரை அங்குலத் தண்டில் இது 18 கிலோவாகக் குறையும். பவர் ஸ்டீயரிங் இருப்பதால் கையில் பெரிதாகத் தெரியாது. நேர்சாலையில் கையை லேசாக விட்டால் வண்டி எப்போதும் ஒரே பக்கம் போகும். அலைன்மென்ட் ஒன்றுக்கு மூன்று முறை பார்த்தும் சரியாகாமல் டயரைக் குறைசொல்பவர்களில் பலருக்கு நோய் இதுதான். கண்டுபிடிக்க ஒரு போல்ட்டைக் கழற்றினால் போதும்: ஸ்டெபிலைசரின் ஒரு முனையை விடுவித்து, அந்த முனையை ஓரமாகக் கட்டிவிட்டு அதே சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். இழுப்பு மறைந்தால் சந்தேகம் தீர்ந்தது. காஸ்டர் போதுமான அளவு இருக்கும் கனமான வண்டியில் இந்தத் தள்ளல் அமுங்கிவிடும். ஜிம்னி போன்ற இலேசான வண்டியில் பளிச்சென்று தெரியும்.

இதற்கு விடைதான் ஊடுதண்டு வகை. தண்டு பிஸ்டனைத் துளைத்துக்கொண்டு மறுபக்கமும் வெளியே போகும். இரண்டு பக்கமும் ஒரே பரப்பு, அதனால் வாயு எந்தப் பக்கமும் தள்ளாது. தடையும் இரண்டு பக்கமும் ஒன்றே. ஃபாக்ஸின் 2.0 டிஎஸ், ஏடிஎஸ் இரண்டும் இந்த அமைப்பு; ஏடிஎஸ்ஸில் தடையைக் கூட்டிக் குறைக்கவும் முடியும். என் தேர்வு இந்த வகைதான். குறை என்னவென்றால் நீளம். அதே ஸ்ட்ரோக்குக்கு (தண்டு ஓடும் தூரத்துக்கு) உடல் நீளமாக வரும், ஏனென்றால் பின்பக்கம் வெளிவரும் தண்டுக்கும் இடம் வேண்டும். நெருக்கமான முன்பக்கத்தில் அது டிஃப்ரன்ஷியல் கவரிலோ ஸ்வே பாரிலோ இடிக்கலாம். வாங்கும் முன் அளந்துவிடுங்கள். சீல் இரண்டு இருப்பதால் கசியவும் இரண்டு இடம்.

ஸ்ப்ரிங் சுற்றிய, தானாக நடுவுக்கு இழுத்துவரும் வகையும் உண்டு. டயர் பஞ்சரானால் பிடித்துக்கொள்ளும் என்று விற்கிறார்கள். ஸ்ப்ரிங்கின் நடுவும் வண்டியின் நேர்நிலையும் ஒரு சில மில்லிமீட்டர் விலகினாலே நிரந்தர இழுப்பு. கேம்பிங் டிரெய்லர் இழுத்து நெடுந்தூரம் நேராகப் போகிறவர்கள் விரும்பலாம். கற்பாதையில் ஓயாமல் திருப்புகிறவருக்குக் கை வலிதான் மிச்சம்.

இவ்வளவும் படித்து, "எனக்கு 32 அங்குல டயர், வார இறுதியில் மண் சாலை, அவ்வளவுதான்" என்பவருக்கு: ஓல்ட் மேன் ஈமு போல வண்டி மாடலுக்கென்றே செய்து தரும் டேம்பரை வாங்கி, கம்பெனி பிராக்கெட்டிலேயே மாட்டிவிட்டு வேறு வேலை பாருங்கள்.

அளவெடுப்பது

பெட்டியில் உங்கள் வண்டியின் பெயர் அச்சிட்டிருந்தாலும் அளக்காமல் மாட்டக் கூடாது. டை ராட் மாற்றியிருந்தாலோ, நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) திருப்பத்துக்கு எல்லை வைக்கும் ஸ்டீயரிங் ஸ்டாப்பைத் திருகியிருந்தாலோ கம்பெனிக் கணக்கு செல்லாது.

ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டு இரண்டு பிராக்கெட்டுகளின் துளை மையத்துக்கு மையம் மூன்று அளவு எடுங்கள்: நேராக, முழு இடம், முழு வலம். உதாரணத்துக்கு நேராக 470 மில்லிமீட்டர், ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் 365, மறுபக்கம் 575. ஓட்டம் 210. இதற்கு அமுங்கிய நீளம் 350, நீண்ட நீளம் 590 உள்ள டேம்பர் சரியாக உட்காரும்: ஒவ்வொரு முனையிலும் 15 மில்லிமீட்டர் மிச்சம். 12 மில்லிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள், ஏனென்றால் புஷ் அமுங்கும், பிராக்கெட் வளையும், கிளாம்ப் லேசாக நகரும்.

மிச்சம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? நக்கிளில் உள்ள ஸ்டாப் முட்டுவதற்கு முன் ஸ்டெபிலைசர் முட்டும். இனி ஸ்டீயரிங் ஸ்டாப் அதுதான். பவர் ஸ்டீயரிங்கின் முழு விசையும் ஒரு விரல் தடிமன் தண்டில் இறங்கும். தண்டு வளையும், அல்லது பிராக்கெட் வெல்டு கிழியும். ஒரு பக்கம் முழுக்கத் திரும்ப மறுக்கிறது, டர்னிங் வட்டம் பெரிதாகிவிட்டது என்றால் முதலில் இதைப் பாருங்கள். டேம்பரின் உடலைத் தூக்கிக் கட்டும் இடமாற்ற பிராக்கெட் கிட்களில் இந்தப் பிழை அதிகம்.

லிஃப்ட் செய்தால் ஸ்டெபிலைசர் கோணம் மாறுமா என்ற கேள்விக்கு, அது எங்கே மாட்டியிருக்கிறது என்பதே விடை. ஆக்சிலிலிருந்து டை ராடுக்கு என்றால் இரண்டும் ஆக்சிலோடு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன, லிஃப்ட்டால் ஒரு மாற்றமும் இல்லை. ஜேகே ரேங்லர் இப்படித்தான். அதற்கு "3 அங்குல லிஃப்ட்டுக்கான ஸ்டெபிலைசர்" என்று தனியாகத் தேட வேண்டியதில்லை. சேசிஸிலிருந்து டிராக் லிங்குக்கு என்றால் லிஃப்ட் ஏற ஏற அது சாயும். சாய்ந்தால் பலன் குறையும்: 15 டிகிரி சாய்வில் 93 சதவீதம், 30 டிகிரியில் 75, 45 டிகிரியில் பாதி. வேகமும் விசையும் இரண்டுமே கோசைனால் பெருக்கப்படுவதால் இப்படி. 20 டிகிரிக்குள் இருந்தால் கவலை வேண்டாம்.

மாட்டுவதில் கெடும் இடங்கள்

டை ராடில் யு-போல்ட் கிளாம்ப் போட்டு மாட்டும் கிட்கள்தான் அதிகம். குழாயின் வெளிவிட்டத்தைக் காலிப்பரில் அளந்து அதற்கேற்ற கிளாம்பை வாங்குங்கள். 1 1/4 அங்குலக் குழாயில் 1 1/2 அங்குலக் கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். கிளாம்ப் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் கிரீஸையும் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள், இரண்டு பக்கமும் வெளியே தெரியும் மரை எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும். மெல்லிய கம்பெனிக் குழாயை ஆவேசமாக இறுக்கினால் நசுங்கும். நசுங்கிய இடத்தில்தான் அடுத்த பாறையில் டை ராட் வளையும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: டை ராட் உருளல். கிளாம்பின் பிடி டை ராட் குழாயின் மையக் கோட்டிலிருந்து மேலேயோ முன்னேயோ விலகியிருக்கும். ஸ்டெபிலைசர் தள்ளும்போது குழாய் முதலில் தன் எண்ட்களில் உருளும், உருண்டு முடிந்த பிறகே தடை கிடைக்கும். திருப்பம் தொடங்கும்போது "டக்" என்று ஒரு சத்தம், நடுவில் ஒரு செத்த இடம். இரண்டு எண்ட்களில் ஒன்றை முழுக்க முன்பக்கமும் மற்றதை முழுக்கப் பின்பக்கமும் சாய்த்து ஜாம் நட்டை இறுக்கினால் உருளல் பெரும்பாலும் அடங்கும். உயரமான இடமாற்ற பிராக்கெட் போட்டவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை.

கூம்புத் தண்டு முனை உள்ள டேம்பர் என்றால் நக்கிளையோ டிராக் லிங்கையோ பக்கவாட்டில் சுத்தியால் ஒரு போடு போட்டாலே பெரும்பாலும் கழன்றுவிடும், அல்லது புல்லர் போடுங்கள். கவட்டை ஆப்பு ரப்பர் உறையைக் கிழித்துவிடும். தண்டை வைஸ் கிரிப்பில் பிடிக்கவே கூடாது. நகக்கீறல் அளவு கோடு விழுந்தாலும் அது சீலை அரத்தைப் போல அராவும்.

வாயு வகை பெட்டியில் கட்டுப் பட்டையோடு வரும். ஒரு முனையை மாட்டி, மறுமுனையை ஏறக்குறைய சரியான இடத்துக்குக் கொண்டுவந்த பிறகு பட்டையை வெட்டுங்கள், முகத்தை விலக்கிக்கொண்டு. வாயு இல்லாத ட்வின் ட்யூப்பைத் தண்டு மேலே இருக்கும்படி நிறுத்தி, ஐந்தாறு முறை முழுக்க அமுக்கி இழுங்கள். போக்குவரத்தில் உள்ளே இடம்மாறிய காற்று உள்குழாயிலிருந்து வெளியேறும். இழுக்கும்போதும் தள்ளும்போதும் ஒரே தடை வர வேண்டும். திசை மாறும் இடத்தில் வெறுமையாக ஓடினால் அந்தப் பீஸை மாட்டாமல் திருப்பிக் கொடுங்கள்.

கண் வடிவ ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி தரையில் நேராக நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து கிழியும். பாலியூரித்தேன் புஷ் நீடிக்கும், தூசியில் கிறீச்சிடும்.

மாட்டியாகிவிட்டதா? தரையில் ஒரு முறை முழு இடம், முழு வலம். பிறகு ஒரு முன்சக்கரத்தை மட்டும் உயரக் கல்லிலோ ராம்ப்பிலோ ஏற்றி, ஆக்சில் சாய்ந்த நிலையில் மறுபடியும் இரண்டு பக்கமும். பின்பு மற்றச் சக்கரம். தரையில் இரண்டு விரல் இடைவெளி இருக்கும் ஸ்டெபிலைசர் சாய்ந்த நிலையில் பன்ஹார்ட் ராடையோ எஞ்சின் ஆயில் பேனையோ முத்தமிடும். சேசிஸில் ஒரு முனை இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

இரட்டை ஸ்டெபிலைசர் பற்றி

இரண்டு வாயு டேம்பர்களை எதிரெதிராக மாட்டினால் ஒன்றின் தள்ளலை மற்றொன்று சமன் செய்யும். அது உண்மை, அதுதான் அந்தக் கிட்டின் நியாயமான ஒரே வாதம். ஊடுதண்டு வகை அதே வேலையை ஒன்றிலேயே முடித்துவிடுகிறது. தடை இரட்டிப்பானால் வளைவு முடிந்து ஸ்டீயரிங் தானாக விரிவது மந்தமாகும், நிறுத்துமிடத்தில் வேகமாகத் திருப்பும்போது பம்ப் முனகும், சாலையின் செய்தி கைக்கு வராது. கனரக பிக்கப்பில் 37 அங்குலத்துக்கு மேல் டயர் என்றால் யோசிக்கலாம். 40 அங்குலத்துக்குப் போய் ஹைட்ராலிக் ராம் உதவி மாட்டுகிறவர்களுக்கு அந்த ராமே டேம்பர். அதோடு ஸ்டெபிலைசரையும் விட்டு வைப்பது இடத்துக்குக் கேடு.

தடையைக் கூட்டிக் குறைக்கும் வகைக்கு வருவோம். ஃபாக்ஸ் ஏடிஎஸ்ஸில் க்ளிக் திருகு, ஃபால்கன் நெக்ஸஸ் ஈஎஃப் 2.2இல் கையாலே திருப்பும் மூன்று நிலைக் குமிழ். கற்பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் அடிக்கடி மாறுபவருக்குக் குமிழ் வசதி. வாங்கிய அன்றே முழு இறுக்கத்துக்குத் திருகுவது எல்லோரும் செய்யும் தவறு. மிகத் தளர்வில் தொடங்குங்கள். பழக்கமான கரடுமுரடுச் சாலை ஒன்றில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, கைக்கு வரும் உதையைக் கவனியுங்கள். இரண்டு க்ளிக் கூட்டி அதே சாலையில் மறுபடி. உதை கையைத் திருகாத அளவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, காலியான இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவு எடுத்து ஸ்டீயரிங்கைத் தளர்த்துங்கள். தானாக நடுவுக்கு ஓடிவந்தால் சரி. தயங்கி நின்று, நடுவுக்கு முன்பே ஓய்ந்தால் இரண்டு க்ளிக் குறையுங்கள். குளிரில் எண்ணெய் தடிக்கும் என்பதால் காலையில் சற்று இறுக்கமாகத் தெரியும். வண்டி சூடான பிறகு வைத்த அளவே கணக்கு.

கடைசியாகப் பராமரிப்பு. தண்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு, சீலை உயவிடுவது அதுதான். சொட்டினால் மாற்ற வேண்டும். தண்டை மூடும் ரப்பர் பூட் நன்மையா தீமையா என்ற சண்டை முடிவில்லாதது. சேற்றிலும் ஆற்றிலும் ஓட்டுபவர் அதைக் கழற்றிவிடுவது மேல், உள்ளே புகுந்த சேறு வெளியே வர வழியில்லாமல் தண்டைத் துருப்பிடிக்க வைக்கும். கல் தெறிக்கும் வறண்ட பாதையில் வைத்துக்கொள்ளலாம். உடலின் தடித்த பக்கம் ஆக்சிலிலும் மெல்லிய தண்டு டை ராட் பக்கமும் வருவது பொதுவான முறை, என்றாலும் தயாரிப்பாளரின் தாளில் வேறு சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள். மாட்டிய பிறகு கிளாம்ப் நட்டுகளின் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், குழாய் வரை நீளட்டும். 100 கிலோமீட்டரில் ஒரு முறை, 500இல் ஒரு முறை குனிந்து பாருங்கள். நட்டில் கோடு உடைந்திருந்தால் மறுபடி இறுக்கினால் போதும். குழாயில் கோடு உடைந்திருந்தால் கிளாம்ப் வழுக்கியிருக்கிறது. கழற்றி, துடைத்து, நடுவை மறுபடி அளந்துதான் மாட்ட வேண்டும்.